உஷார்! குத்தப் போன கை திரும்பி வருகிறதா?

உங்கள் பிள்ளை பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கே போகிறான்? கடற்கரைக்கு என்கிறானா? பந்தடிக்க என்கிறானா? அவனுடைய பையை ஒருதரம் திறந்து பாருங்கள். உள்ளே பஞ்சு பிதுங்கிய ஒரு சோடி கிளவுஸ் கிடந்தால், அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு இதை முழுக்கப் படியுங்கள். கிடக்காவிட்டாலும் படியுங்கள். அவனுடைய கூட்டாளியின் பையில் கிடக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பொடியன்களுக்குப் பொக்சிங் பிடித்திருக்கிறது. 2021இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ என்ற குத்துச்சண்டைப் படம் வந்தது. அதைப் பார்த்தார்கள். பிறகு போனில் ஆயிரம் வீடியோ பார்த்தார்கள். மீன்வாடிக்குப் பின்னால், வலை காயவிடும் சீமெந்துத் தரையில், கட்டி முடியாத வீட்டு மேல்மாடியில் கண்ட கண்ட இடத்தில் குத்திப் பழகுகிறார்கள். வாத்தியார் இல்லை. மணி இல்லை. நடுவில் நின்று “நிப்பாட்டு” என்று சொல்ல ஆள் இல்லை.

நிப்பாட்டு என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நடப்பது பொக்சிங் இல்லை. அடிபிடி.

விளையாட்டைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த நாட்டுக்குப் பேரெடுத்துக் கொடுத்த விளையாட்டு அது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிக்கஸ் இலங்கைக்குத் தங்கம் கொண்டு வந்ததே குத்துச்சண்டையில்தான். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் மூன்று வெண்கலம் கிடைத்தது. அதில் ஒன்று அனுஷா கொடித்துவக்கு என்ற பெண் வாங்கியது. ஆகவே மகள் ஆசைப்பட்டாலும் தடுக்காதீர்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் வளையத்துக்குள், மருத்துவர் பக்கத்தில் இருக்க, நடுவர் நடுவில் நிற்க ஆடியவர்கள். நம்முடைய பிள்ளைகள் மீன்பெட்டியை எல்லையாக வைத்து ஆடுகிறார்கள்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். அந்தத் தாய் இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை.

உயர்தரம் படிக்கிற பிள்ளை, 17 வயது. நல்ல உயரம், நீண்ட கை. ரியூஷன் முடிந்து, கடற்கரைப் பக்கம் ஒரு வாடியில் கூட்டாளிகளோடு குத்திப் பழகுவான். இடது கையை நீட்டி ‘ஜப்’ போடுவதில் அவன்தான் கெட்டிக்காரன் என்று மற்றப் பொடியன்கள் சொல்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான். இரண்டு ஜப் நன்றாக விழுந்தது. மூன்றாவது போட்டான். போட்ட கை முகத்துக்குத் திரும்பாமல் இடுப்புக்கு இறங்கியது. எதிரில் நின்றவன் வலது கையால் ஒன்று விட்டான். கன்னப் பொறியில் பட்டது. இவன் நேரே பின்னால் போனான். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. மூன்றாவது அடியில் குதிக்கால் நைலோன் கயிற்றில் தட்டுப்பட்டது. மல்லாக்க விழுந்தான். பின்தலை சீமெந்தில்.

அரை நிமிடம் அசையவில்லை. பிறகு கண் திறந்தான். சிரித்தான். “ஒண்டுமில்லை மச்சான், வா” என்று எழும்பினான்.

இன்னொரு ரவுண்டும் ஆடினார்கள்!

வீட்டுக்கு வந்தவன் தலை இடிக்கிறது என்றான். வெயில் என்றான். தாய் தேத்தண்ணியும் பனடோலும் கொடுத்தாள். ஒருதரம் சத்தி எடுத்தான். மத்தியானம் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். எட்டு மணிக்கே படுத்துவிட்டான். படிக்கிற பிள்ளை, களைப்பு, தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினாள். பின்னிரவில் ஏதோ குறட்டைச் சத்தம், வழக்கமில்லாத சத்தம். போய் எழுப்பினாள். எழும்பவில்லை. இமையை விலக்கிப் பார்த்தாள். ஒரு கண்மணி சின்னதாக, மற்றது பெரிதாக.

அம்புலன்ஸ் வந்தது. மூளைக்கு மேலே இரத்தம் கட்டியிருந்தது. மண்டையைத் திறக்க வேண்டும் என்றார்கள். அதற்கான நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்கு, கந்தளாய் தாண்டி, யானை நிற்கும் ஹபரணைக் காட்டு வீதியால் இருட்டில் கொண்டு போனார்கள். பிள்ளை பிழைத்தான். நடக்கிறான். ஆனால் ஒரு கை சொன்னதைக் கேட்பதில்லை. ஒரு வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு என்ன சொல்ல வந்தேன் என்று கேட்கிறான். பரீட்சை எழுதவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர் ஒருவர் இருக்கிறார். இளமையில் அணிக்காகக் குத்துச்சண்டை ஆடியவர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தங்கச்சி, அந்தப் பொடியனைச் சாய்ச்சது மற்றவன்ர வலது கை இல்லை. இவன்ர இடது கைதான். அது வீட்டுக்கு வரேல்லை.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் எழும்பி நின்று காட்டினார். உங்களுக்கும் விளங்க வேண்டும். ஏனென்றால் உங்கள் பிள்ளை குத்துவதை வாசலில் நின்று பத்து நிமிடம் பார்த்தாலே போதும், ஆபத்து தெரிந்துவிடும். அதற்குப் பொக்சிங் தெரிந்திருக்கத் தேவையில்லை. கையையும் காலையும் பார்க்கத் தெரிந்தால் சரி.

ஜப் என்பது முன்னுக்கு நிற்கும் கையால் போடும் நேர்க்குத்து. வலது கைப் பழக்கக்காரனுக்கு அது இடது கை. பலமான குத்து அல்ல. தூரம் அளக்க, எதிரியை நெருங்க விடாமல் வைக்க, அடுத்த குத்துக்கு வழி பார்க்க அது. தோளிலிருந்து நேரே போகவேண்டும். முடிவில் முட்டி உள்ளங்கை நிலத்தைப் பார்க்கிற மாதிரித் திரும்பவேண்டும். இடது தோள் உயர்ந்து நாடியை மூடவேண்டும். நாடி தாழ்ந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க வலது கை கன்னத்தை விட்டு அசையக்கூடாது. இவ்வளவும் வீடியோவில் இருக்கிறது. பொடியன்கள் செய்தும் விடுகிறார்கள்.

போவது எல்லாருக்கும் தெரிகிறது. திரும்பி வருவதுதான் தெரியவில்லை.

சூடான சட்டியில் கை பட்டால் எப்படி இழுப்பீர்கள்? நேரே, போன வழியே, போனதை விட வேகமாக. ஜப் போட்ட கை அப்படித்தான் கன்னத்துக்கு வரவேண்டும். வளைந்து இறங்கி இடுப்பைத் தொட்டுவிட்டு மேலே ஏறினால், அந்த நேரத்துக்கு முகத்தின் இடது பக்கம் முழுவதும் திறந்து கிடக்கிறது. எதிரியின் வலது கை வருவது அந்தப் பக்கத்துக்குத்தான்.

இது கடற்கரைப் பொடியன்களுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். உலகத்திலேயே பெரிய குத்துச்சண்டை வீரர்களில் ஒருவர் ஜோ லூயிஸ். 1936 ஜூன் 19, நியூயோர்க் யாங்கி ஸ்டேடியம். அதுவரை தொழில்முறைச் சண்டையில் அவர் தோற்றதே இல்லை. எதிரில் ஜேர்மனியின் மக்ஸ் ஷ்மெலிங், வயது கூடியவர், ஒருவரும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் ஷ்மெலிங் லூயிஸின் சண்டைப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தார். ஒன்று கண்டுபிடித்தார். ஜப் போட்டபின் லூயிஸின் இடது கை தாழ்கிறது! அவ்வளவுதான். பொறுத்திருந்து, அந்தக் கை தாழும்போதெல்லாம் அதற்கு மேலால் வலது கையை விட்டார். நாலாவது ரவுண்டில் லூயிஸ் விழுந்தார். பன்னிரண்டாவது ரவுண்டில் எழும்பவில்லை. இரண்டு வருடம் கழித்து, அந்தப் பழக்கத்தைத் திருத்திக்கொண்டு வந்து, முதல் ரவுண்டிலேயே ஷ்மெலிங்கை அவர் முடித்தது வேறு கதை.

லூயிஸுக்கே அது நடந்தது. அவருக்குப் பயிற்றுவிப்பாளர் இருந்தார். உங்கள் மகனுக்கு யார் இருக்கிறார்கள்?

“அதெல்லாம் இல்லையம்மா, சார்பட்டாவில டான்சிங் ரோஸ் கையைக் கீழ விட்டுத்தானே ஆடுறார்” என்று பிள்ளை சொல்வான். என் அக்காவின் மகனும் சொன்னான். நல்ல பாத்திரம், நானும் ரசித்தேன். ஆனால் அது நடனம் அமைத்துப் படம் பிடித்தது மகனே! எந்தக் குத்து எப்போது வரும் என்று இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். நிஜத்தில் அப்படி ஆடியவர் இங்கிலாந்தில் வளர்ந்த யேமன் வம்சத்துப் பிள்ளை, நஸீம் ஹமீது. கையைத் தொங்கவிட்டு, துள்ளி, வளைந்து, எதிரியைக் கேலி செய்து வென்றுகொண்டே போனார். 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் மெக்சிகோவின் மார்க்கோ அன்டோனியோ பரேரா அவருக்கு எதிரில் நின்றார். கையை மேலே வைத்து, ஜப்பை ஒழுங்காகப் போட்டு, பொறுமையாக 12 ரவுண்டும் ஆடி வென்றார். அதற்குப் பிறகு ஹமீது ஒரேயொரு சண்டைதான் ஆடினார். முகமது அலியும் கையைத் தாழ்த்தி ஆடியவர்தான். 1971 மார்ச் 8, பதினைந்தாவது ரவுண்டில் ஜோ பிரேசியரின் இடது கை அவரையே நிலத்தில் கிடத்தியது. அலியின் கண்ணும் காலும் ஒரு தலைமுறைக்கு ஒருவருக்குக் கிடைப்பது. உங்கள் பிள்ளைக்கும் கிடைத்திருக்கிறது என்று பந்தயம் கட்டுவீர்களா?

இனி கால். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

அடி வரும்போது மனிதன் இயல்பாகப் பின்னால் போவான், நேராக. அதுதான் பிழை. நேரே பின்னால் போகிறவனை முன்னால் வருகிறவன் எப்போதும் பிடித்துவிடுவான். முன்னால் ஓடுவது வேகம், பின்னால் ஓடுவது தள்ளாட்டம். கடற்படைக்காரர் சொன்ன கணக்கு இது: பின்னால் இரண்டு அடிக்கு மேல் இல்லை. இரண்டாவது அடியில் பக்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். முன்காலை ஊன்றி, பின்காலைச் சுழற்றி வைத்தால் எதிரி வெறும் காற்றைக் குத்திக்கொண்டு போவான்.

இரண்டு காலும் தோள் அகலத்துக்கு விரிந்து இருக்கவேண்டும். ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. பின்காலின் குதி கொஞ்சம் தூக்கியிருக்கும். முன்னால் போகும்போது முன்கால் முதலில், பின்னால் போகும்போது பின்கால் முதலில். இடப்பக்கம் போனால் இடதுகால் முதலில், வலப்பக்கம் போனால் வலதுகால் முதலில். மற்றக் கால் அதே அளவு வந்து சேரவேண்டும், ஒட்டக்கூடாது. காலைக் குறுக்கே போடவே கூடாது. குறுக்கே போட்ட நேரம் பார்த்துக் கை பட்டால், சின்னக் குத்துக்கே ஆள் விழுவான். துள்ளவும் கூடாது. இரண்டு காலும் காற்றில் இருக்கிறபோது வருகிற குத்துக்கு எங்கே விலகுவது?

சலிப்பான பயிற்சி இது. வாரக்கணக்கில் கோடு போட்டு நடக்கச் சொல்வார்கள். ஒரு குத்துக்கூட விடவிட மாட்டார்கள். அதனால்தான் வீடியோவில் பழகும் பொடியன் அதைத் தாண்டிப் போய்விடுகிறான். கண்ணாடிக்கு முன்னால் கை அழகாகத் தெரிகிறது. கால் கண்ணாடியில் தெரிவதில்லை!

மணலில் ஓடுவது உடம்புக்கு நல்லது. மணலில் எதிரெதிரே நின்று குத்துவது நல்லதல்ல. கால் புதைகிறது. விலக நினைத்த நேரத்தில் கால் வராது. சீமெந்து அதை விட மோசம். முறையான குத்துச்சண்டை மேடையில் விரிப்புக்குக் கீழே மெத்தை இருக்கும். அது ஏன் என்று நினைக்கிறீர்கள்? குத்தை விட விழுகை கொடியது. குத்து ஒருதரம் தலையைத் திருப்புகிறது. தரை இரண்டாவது தரம் அடிக்கிறது.

மூலைக்குள் போய் அகப்படுவதும் அப்படித்தான். 1962 மார்ச் 24, நியூயோர்க்கில் கியூபாவின் பெனி பரெட் பன்னிரண்டாவது ரவுண்டில் மூலையில் மாட்டிக்கொண்டார். விழுவதற்கும் இடமில்லாமல் கயிற்றில் சாய்ந்தபடியே அடி வாங்கினார். நினைவு திரும்பவே இல்லை. பத்து நாளில் இறந்தார். அடுத்த வருடம் லொஸ் ஏஞ்சலிஸில் டேவி மூர் விழும்போது கழுத்தின் அடி கீழ்க்கயிற்றில் பட்டது. நாலாவது நாள் இறந்தார். இருவரும் உலகச் சம்பியன்களாக இருந்தவர்கள். நடுவரும் டொக்டரும் இருந்த இடத்தில் நடந்தவை இவை. வாடியில் கயிறும் இல்லை, சுவர்தான்.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கொஞ்சம் பயமாக இருக்கும். இருக்கட்டும்.

மூளையின் மேற்பரப்பிலிருந்து அதை மூடிய தடித்த உறைக்கு மெல்லிய இரத்த நாளங்கள் போகின்றன. குத்து பட்டுத் தலை வெடுக்கென்று திரும்பும்போது மூளை ஒரு கணம் பிந்தித் திரும்புகிறது. அந்த இழுப்பில் நாளம் அறுகிறது. இரத்தம் உடனே பீறிடாது. கசியும். ஒரு மணி நேரமாகலாம், பல மணி நேரமாகலாம். அதனால்தான் பிள்ளை எழும்பிச் சிரிக்கிறான், சைக்கிள் ஓட்டி வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான். மண்டையோடு எலும்பு, விரிந்து கொடுக்காது. கசிந்த இரத்தம் இடம் கேட்டு மூளையை அமுக்குகிறது.

சிரித்தான் என்பது அத்தாட்சி இல்லை!

கிளவுஸ் போட்டிருந்தானே என்று ஆறுதல் அடையாதீர்கள். கிளவுஸ் முதலில் காப்பது குத்துகிறவனின் கையை. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், கன்னத்தைக் காக்கும். மண்டைக்குள் மூளை ஆடுவதை அது தடுக்காது. உலக அமெச்சூர் சம்மேளனம் 2013இல் முதுநிலை ஆண்களுக்குத் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் ஆடினார்கள். பழகும் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. போட்டே ஆகவேண்டும். போட்டுவிட்டோம், இனி எப்படியும் அடிக்கலாம் என்ற துணிச்சல்தான் வேண்டாம்.

இன்னும் கொடியது ஒன்று இருக்கிறது. முதல் அடியின் கலக்கம் ஆறுவதற்குள் இரண்டாவது அடி. அடிக்கடி நடப்பதல்ல. நடந்தால் பெரும்பாலும் இளம் பிள்ளைகளுக்கு. மூளை சடுதியாக வீங்கி, சில நிமிடத்தில் கை மீறிப் போய்விடும். அந்த இரண்டாவது அடி பெரிய அடியாக இருக்கவேண்டியதில்லை. சும்மா ஒரு ஜப் போதும். அதனால்தான் முறையான போட்டியில், தலையில் பட்டுச் சண்டை நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் ஆடவோ எதிரெதிரே பழகவோ விடமாட்டார்கள். மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை என்றால் 90 நாள். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று என்றால் ஒரு வருடம். நம் பொடியன்கள் கொடுக்கும் ஓய்வு எவ்வளவு? ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கும் நேரம்!

ஆகவே உஷார். தலையில் அடிபட்டு வந்த பிள்ளையை அன்று முழுக்கத் தனியே விடாதீர்கள். தலையிடி குறையாமல் கூடிக்கொண்டு போகிறதா? ஒருதரத்துக்கு மேல் சத்தி எடுக்கிறானா? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறானா? நாக்குக் குழறுகிறதா? ஒரு கை, ஒரு கால் தளர்கிறதா? மூக்காலோ காதாலோ தெளிந்த தண்ணீர் வடிகிறதா? வலிப்பு வந்ததா? இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லையா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா? எழுப்பினால் எழும்பாத தூக்கமா? ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். விடியட்டும் என்று நினைக்காதீர்கள். 1990க்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ். காசு இல்லை. நடு இரவென்று தயங்க வேண்டாம்.

நம்முடைய மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு அவசரம். மண்டையைத் திறக்கும் நிபுணரிடம் போக 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டி வரலாம். வீட்டில் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஓட்டத்தோடு சேர்கிறது.

அஸ்பிரின், இபுபுரோஃபன் வகை மாத்திரை கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்ப்பதும், நெற்றியில் தைலம் பூசித் தூங்கவைப்பதும் இந்த நேரத்துக்கு உரிய வேலை அல்ல. “எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லையாம்” என்று நிம்மதியாகத் திரும்பி வராதீர்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. சீ.ரி. ஸ்கேன் தேவையா என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்றால் கோபிக்கட்டும்.

கையையும் பாருங்கள். ஜப் போடும்போது மணிக்கட்டு மடங்கினால் அல்லது சுண்டுவிரல் பக்கம் பட்டால் எலும்பு வெடிக்கும். படவேண்டியது சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகளில். பெருவிரலின் அடியில், மணிக்கட்டுக் குழியில் அமுக்கினால் நோகிறது என்றால் சுளுக்கு என்று தள்ளிவிட வேண்டாம். அங்கே உள்ள சின்ன எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. உடைந்தது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். பத்துப் பதினான்கு நாள் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், போங்கள். முறிவு தறிவு வைத்தியரிடம் கட்டுப் போட்டுவிட்டு அப்படியே விட்டு, பிறகு பேனை பிடிக்க முடியாமல் போன பிள்ளையை எனக்குத் தெரியும்.

நிறை குறைக்கிறேன் என்று வைகாசி வெயிலில் மழைக்கோட்டுப் போட்டு ஓடுகிறானா? உடனே கழற்றச் சொல்லுங்கள். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வியர்த்து நிறை குறைக்கப் போய் அடுத்தடுத்து இறந்தார்கள். தண்ணீர் இல்லாத உடம்போடு குத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான். ஜிம்மில் யாரோ கொடுத்த தூளையும் ஊசியையும் பற்றி ஒரு சொல்: 2010 டெல்லி பொதுநலவாயப் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி வென்ற தங்கம், 72 வருடத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம், நன்ட்ரலோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து பரிசோதனையில் அகப்பட்டதால் பறிபோனது. என்ன இருக்கிறது என்று தெரியாத போத்தலைப் பிள்ளை கையில் கண்டால் வாங்கி வையுங்கள்.

சரி, பிள்ளை அடம் பிடிக்கிறான், பழகத்தான் வேண்டும் என்கிறான். அனுப்புங்கள். ஆனால் நீங்களே ஒருநாள் கூடப் போங்கள். பின்னால் ஒரு கதிரை போட்டு இருந்து பாருங்கள். முதல் மாதமே எதிரெதிரே நிறுத்திக் குத்த விடுகிறார்களா? கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நல்ல பயிற்றுவிப்பாளர் முதலில் காலைத்தான் பார்ப்பார். கிளவுஸ் எத்தனை அவுன்ஸ் என்று கேளுங்கள். பழகும்போது 14, 16 அவுன்ஸ் இருக்கவேண்டும். போட்டிக்குப் போடும் 10 அவுன்ஸை மாட்டி விட்டால் அவருக்கு விசயம் தெரியாது. பல்லுக்கு மவுத் கார்ட் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். 60 கிலோப் பொடியனை 75 கிலோக்காரனோடு விடுகிறார்களா? “பயம் போகட்டும்” என்று சொல்வார்கள். பயம் போகாது, பல் போகும். அடிபட்ட பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். “எழும்பி ஆடுவான், ஆம்பிளைப் பிள்ளை” என்று பதில் வந்தால், நன்றி சொல்லி வெளியே வாருங்கள்.

பிறகு வாசலில் நின்று பிள்ளையைப் பாருங்கள். குத்தும்போது கண்ணை மூடுகிறானா? நாடி மேலே தூக்கியிருக்கிறதா? மூச்சை அடக்கிப் பிடிக்கிறானா? அடி வந்தால் நேரே சுவர்வரை போகிறானா? எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இடது கை. போனது. வந்ததா? இறங்கியதா? களைத்த பிறகு பாருங்கள். முதல் நிமிடத்தில் எல்லாப் பிள்ளையும் ஒழுங்காகத்தான் ஆடும். மூன்றாவது ரவுண்டில்தான் கை கனக்கும். கனத்த கை கன்னத்துக்கு ஏறாது. அதைக் கண்டால் கோச்சிடம் போய்ச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். அன்றைய ஆட்டம் அத்தோடு முடியவேண்டும்.

கடைசியாக, பிள்ளைகள் பொய் சொல்லுவார்கள். தகப்பனுக்குப் பயந்து “வழுக்கி விழுந்தேன்” என்பார்கள். அந்த 17 வயதுப் பிள்ளையும் வெயில் என்றுதான் சொன்னான். பொக்சிங் என்று தெரியாததால் தாய்க்குச் சந்தேகம் வரவில்லை. அதனால் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: அடிபட்டால் என்னிடம் சொல், நான் ஏச மாட்டேன். பிறகு உண்மையாகவே ஏசாதீர்கள். அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரின் போன் நம்பரை வாங்கி வையுங்கள். வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் அவர்களைக் கேட்டு, எத்தனை மணிக்கு அடிபட்டது, குத்தா விழுகையா, எந்தப் பக்கம், நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், பிறகும் ஆடினானா, எத்தனை தரம் சத்தி, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி டொக்டரின் கையில் கொடுங்கள். “விளையாடும்போது” என்று எழுத வேண்டாம். “தலையில் குத்து வாங்கினான்” என்றே எழுதுங்கள்.